சினைக்காலம் முழுவதும் கால்சியம் கொடுத்தும் மாட்டுக்குப் பால் காய்ச்சல் வந்தது ஏன்? உடல் கால்சியத்தை எப்படி அளந்து சரிசெய்கிறது?

கேட்டவர்: கேத்திக்காரி

அனைவருக்கும் வணக்கம். கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட்டும் பீட்ரூட்டும் பயிரிடுகிறோம். வீட்டில் இரண்டு ஜெர்சி கலப்பின மாடுகள் இருக்கின்றன. அவற்றில் மூத்தது சென்ற வாரம் நான்காவது ஈத்தாகக் கிடாரிக் கன்று ஈன்றது. ஈன்ற அன்று ஒரு குறையும் தெரியவில்லை. சீம்பாலும் தாராளமாகவே இறங்கியது. மறுநாள் விடியற்காலையில் கொட்டகைக்குப் போனபோது, விலாச் சதை துடிக்க, பின்னங்கால்களை மாற்றி மாற்றி ஊன்றியபடி தடுமாறிக்கொண்டிருந்த மாடு, சற்று நேரத்தில் மடங்கிப் படுத்துவிட்டது. கழுத்தை வளைத்துத் தலையை விலாப்பக்கம் சாய்த்துக்கொண்டது. காதுகள் சில்லிட்டிருந்தன, மூக்கு உலர்ந்திருந்தது, அசை போடுவதும் சாணம் போடுவதும் நின்றுவிட்டன. இரவில் உறைபனி விழுந்ததால் குளிர் தாக்கியிருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் நினைத்தார்கள்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்து, இது பால் காய்ச்சல் என்று சொல்லி, கழுத்து இரத்தக் குழாயில் ஒரு பாட்டில் கால்சியத்தை மெதுவாக ஏற்றினார். பாட்டில் தீர்வதற்கு முன்பே மாடு நடுங்கி, ஏப்பம் விட்டு, சாணம் போட்டது. அரைமணி நேரத்துக்குள் எழுந்தும் நின்றுவிட்டது. ஆனால் அன்று இரவே மறுபடியும் படுத்ததால் இன்னொரு பாட்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. இப்போது நலமாக இருக்கிறது.

எனக்கு விளங்காதது இதுதான். சினை ஏழு மாதமானதிலிருந்து ஈனும் நாள்வரை கால்சியம் டானிக்கும் தாது உப்புக் கலவையும் விடாமல் கொடுத்துவந்தோம். அது போக, எலும்பு முழுவதும் கால்சியம்தானே? இவ்வளவு கையிருப்பு இருந்தும் இரத்தத்தில் எப்படிக் குறைந்தது? இரத்தத்தில் கால்சியம் குறைகிறது என்பதை உடல் எப்படித்தான் அறிந்துகொள்கிறது? அறிந்துகொள்ளுமானால் உடனே ஏன் சரிசெய்துகொள்ளவில்லை?

பதில்: குன்னூர் கால்நடை மருத்துவர் (பணி ஓய்வு)

வணக்கம் அம்மா. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் மருத்துவரின் முடிவில் ஐயமே இல்லை. பெயரில்தான் காய்ச்சல்; வெப்பமானி வைத்துப் பார்த்திருந்தால் உடல்வெப்பம் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருந்திருக்கும். குளிர் தாக்கியது என்று பெரியவர்கள் எண்ணியதற்கும் அந்தச் சில்லிட்ட காதுகளே காரணமாக இருக்கும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். நலமான மாட்டின் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10 மில்லிகிராம் வரை கால்சியம் இருக்கும்; 5.5-க்குக் கீழே இறங்கும்போதுதான் பெரும்பாலும் மாடு படுக்கிறது. 400 கிலோ எடையுள்ள ஒரு மாட்டின் இரத்த நீர் முழுவதையும் சேர்த்தாலும் அதில் ஓடிக்கொண்டிருக்கும் கால்சியம் ஏறத்தாழ 2 கிராம்தான். ஒரு லிட்டர் சீம்பாலில் இருப்பதும் ஏறத்தாழ அதே 2 கிராம். அதாவது, ஈன்ற அன்று மடி உருவாக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும், இரத்தத்திலுள்ள கால்சியம் முழுவதும் ஒருமுறை வெளியேறி, ஒருமுறை நிரம்பியாக வேண்டும். அதற்கு முந்தைய நாள்வரை கருவின் எலும்புக்காகச் சிறிதளவே கொடுத்துவந்த உடல், ஓர் இரவுக்குள் இதற்கு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

எலும்பில் ஐந்து கிலோ அளவுக்குக் கால்சியம் இருப்பது உண்மைதான். ஆனால் அதை எடுப்பதற்கு எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் முதலில் உருவாகிப் பெருக வேண்டும். கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி, கால்சியம் குறைந்த சில நிமிடங்களிலேயே தன் ஹார்மோனை வெளிவிட்டுவிடுகிறது. அதைப் பெற்றதும் சிறுநீரகம் சிறுநீரில் போகும் கால்சியத்தை விரைவிலேயே தடுத்து நிறுத்திவிடும். ஆனால் மாட்டின் சிறுநீரில் வீணாகும் கால்சியம் வழக்கமாகவே மிகக் குறைவு என்பதால் அந்தச் சேமிப்பு எதற்கும் காணாது. குடல் கூடுதலாக உறிஞ்ச வேண்டுமானால், சிறுநீரகம் வைட்டமின் டி-யை அதன் செயல்படும் வடிவத்துக்கு மாற்றி அனுப்பி, அதைக் கொண்டு குடல் அணுக்கள் கால்சியத்தைக் கடத்தும் புரதங்களைப் புதிதாக உண்டாக்க வேண்டும். இதற்கு ஏறத்தாழ ஒரு நாள் பிடிக்கும். எலும்பு முழுவீச்சில் இறங்க இரண்டு நாள் ஆகும். உங்கள் மாடு படுத்தது இந்த இடைவெளியில்தான். ஈன்ற மூன்று நாட்களுக்குள் இந்நோய் பெரும்பாலும் வந்துபோய்விடுவதற்கும் இதுவே காரணம்.

இனி, டானிக் ஏன் கைகொடுக்கவில்லை என்பது. சினைக்காலத்தின் கடைசி வாரங்களில் தேவைக்கு மேல் கால்சியம் உள்ளே வந்துகொண்டே இருந்தால், இரத்தத்தில் அது குறையவே குறையாது. குறையாததால் பாராதைராய்டு சுரப்பிக்கு வேலையே இருக்காது. அந்த ஹார்மோன் இல்லாததால் குடல் தன் உறிஞ்சும் திறனைக் குறைத்துக்கொள்ளும், எலும்பைக் கரைக்கும் அணுக்களும் அருகிவிடும். ஆகவே நீங்கள் கொடுத்த டானிக் வீணாயிற்று என்பதைவிட, தேவையான நாளில் உடல் விழித்துக்கொள்வதை அது தாமதப்படுத்தியது என்றே சொல்ல வேண்டும். கடைகளில் சினைமாட்டுக்கென்றே இந்த டானிக்கை எடுத்துக் கொடுக்கும் பழக்கம் எனக்கு உடன்பாடானதே அல்ல.

இரவில் மறுபடி படுத்ததற்கும் விளக்கம் இதிலேயே இருக்கிறது. இரத்தக் குழாயில் ஏற்றிய ஒரு பாட்டிலில் 8 முதல் 9 கிராம் கால்சியம் இருக்கும்; மாட்டின் இரத்தத்தில் இருக்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு அது. சில மணி நேரத்துக்கு இரத்தத்தில் அளவு இயல்பைத் தாண்டி நிற்கும்போது, சுரப்பி தன் ஹார்மோனை நிறுத்திக்கொள்கிறது. ஏற்றிய கால்சியத்தை மடி இழுத்துத் தீர்த்ததும் மாடு மறுபடி பள்ளத்தில் விழுகிறது. பாட்டிலை மெதுவாக ஏற்றுவது இதயத்துக்காக. வேகமாக ஏற்றினால் இதயத்துடிப்பு தடுமாறி மாடு அங்கேயே இறந்துவிடக்கூடும் என்பதால்தான், ஏற்றும் மருத்துவர் காதில் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டே இருப்பார்.

பதில்: உதகை உயிரியல் ஆசிரியை

ஐயா அவர்கள் சொன்னதற்குப் பிறகு, "உடல் எப்படி அறிந்துகொள்கிறது" என்ற கேள்விக்கு மட்டும் சற்று விரிவாக எழுதுகிறேன்; ஏனென்றால் அதற்கான விடை முதலில் கிடைத்ததே மாட்டிடமிருந்துதான்.

பாராதைராய்டு சுரப்பிகள் மனிதருக்குப் பொதுவாக நான்கு. ஒவ்வொன்றும் அரிசி அளவே இருக்கும். இவ்வளவு சிறியவை என்பதால் நெடுங்காலம் உடற்கூற்று வல்லுநர்களின் கண்ணில் அவை படவே இல்லை. லண்டன் விலங்குக்காட்சியகத்தில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்து ஆராய்ந்த ரிச்சர்ட் ஓவன் 1850-களின் தொடக்கத்தில் இச்சுரப்பியைக் குறிப்பிட்டார். மனிதரில் அதை 1880-இல் விவரித்தவர் சுவீடனைச் சேர்ந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் என்ற மாணவர். கால்சியம் குறைந்தால் ஹார்மோன் கூடுகிறது என்பது பின்னர் தெளிவானது. ஆனால் எதைக்கொண்டு அந்த அணு கால்சியத்தை அளக்கிறது என்பது மட்டும் 1993 வரை புதிராகவே இருந்தது. அந்த ஆண்டில்தான் எட்வர்ட் பிரவுன், ஸ்டீவன் ஹெபெர்ட் ஆகியோரின் குழு, மாட்டின் பாராதைராய்டு அணுக்களிலிருந்து எடுத்த மரபுச் செய்தியைத் தவளையின் முட்டை அணுக்களுக்குள் செலுத்தி, கால்சியத்தை உணரும் ஏற்பியை அடையாளம் கண்டது.

அந்த ஏற்பி அணுவின் மேலுறையில் பதிந்திருக்கும் ஒரு புரதம். அதன் பெரும்பகுதி அணுவுக்கு வெளியே, இரத்தத்திலிருந்து கசியும் நீரில் நீட்டிக்கொண்டிருக்கிறது; இரண்டிரண்டாக இணைந்தே அது வேலை செய்கிறது. வெளியே கால்சியம் போதுமான அளவில் இருந்தால், அயனிகள் இந்த வெளிப்பகுதியில் ஒட்டி, புரதத்தின் வடிவத்தை மாற்றுகின்றன. அந்த மாற்றம் அணுவுக்குள் ஒரு குறிப்பாகக் கடந்து, ஹார்மோன் வெளியேறுவதைத் தடுத்து வைக்கிறது. வெளியே கால்சியம் குறைந்ததும் அயனிகள் விலகுகின்றன, தடை நீங்குகிறது, ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த ஹார்மோன் உடனே இரத்தத்தில் இறங்குகிறது. ஆகவே உடலில் கால்சியத்தைத் தேடிக்கொண்டு திரியும் உறுப்பு எதுவும் இல்லை. எப்போதும் வெளியேறத் துடிக்கும் ஒரு ஹார்மோனை, கால்சியமே தன் இருப்பால் அடக்கி வைத்திருக்கிறது. வேறு பல சுரப்பி அணுக்களில் உள்ளே கால்சியம் கூடினால் சுரப்பும் கூடும். இந்த அணுவில் அது நேர்மாறாக இருப்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

இந்த அளவீடு மிகக் கூர்மையானது. இரத்தத்தின் கால்சியம் நூற்றுக்குச் சில பங்கு குறைந்தாலே ஹார்மோன் பல மடங்கு ஏறிவிடும். ஹார்மோனின் ஆயுளோ சில நிமிடங்கள்தான் என்பதால், அளவு சரியானதும் விரைவில் இறங்கியும் விடும். குறைவு சில மணி நேரம் நீடித்தால் அணுக்கள் புதிய ஹார்மோனை உண்டாக்குகின்றன. வாரக்கணக்கில் நீடித்தால் சுரப்பியே பருத்துவிடுகிறது. இதே ஏற்பி சிறுநீரகக் குழாய்களிலும் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் மிகுந்தால், ஹார்மோனின் உத்தரவுக்குக் காத்திராமல், சிறுநீரகம் தானே உணர்ந்து அதை வெளியே விட்டுவிடும்.

இன்னொன்று. சுரப்பி அளப்பது இரத்தத்தில் தனித்து மிதக்கும் கால்சியத்தை மட்டும்தான். அது மொத்தத்தில் ஏறத்தாழப் பாதி. மீதியில் பெரும்பங்கு அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. ஆகவே உடல் மெலிந்து அல்புமின் குறைந்த ஒருவரின் பரிசோதனை அறிக்கையில் மொத்தக் கால்சியம் குறைவாகத் தெரிந்தாலும், உண்மையில் குறை இல்லாமல் இருக்கலாம். இரத்தம் சற்றே காரத்தன்மை அடைந்தால் இதற்கு மாறாக நடக்கும்: கூடுதல் கால்சியம் அல்புமினோடு ஒட்டிக்கொள்ள, மொத்த அளவு மாறாமலே தனித்த கால்சியம் குறைந்துவிடும். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கி, அதனால் இரத்தம் காரத்தன்மை அடைபவர்களுக்கு உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மதமதப்பு உண்டாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பதில்: மன்னவனூர் விவசாயி

கொடைக்கானல் மேல்மலையிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் சினைமாட்டுக்குச் சுண்ணாம்புத் தெளிநீர் வைப்பது தொன்றுதொட்டு இருந்துவரும் வழக்கம்; அதை வைத்த மாடுகள் எல்லாம் படுத்துவிடவில்லை. என் எண்ணத்தில், காரணம் வெயில்தான். மாதக்கணக்கில் மூடுபனியும் மேகமும் இருக்கும் மலையில் வைட்டமின் டி எங்கிருந்து கிடைக்கும்? சமவெளியில் எங்கள் உறவினர்களும் மாடு வளர்க்கிறார்கள். அங்கே இந்நோயை இவ்வளவு காண்பதில்லை.

பதில்: உதகை உயிரியல் ஆசிரியை

வெயிலைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் உயரம் கூடக்கூடப் புறஊதாக் கதிர் வலுக்கிறது; ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு என்பது பொதுவான கணக்கு. மேகம் விலகிய மதிய வேளையில் மேல்மலை வெயில் சமவெளி வெயிலுக்கு இளைத்ததல்ல. ஸ்வெட்டரும் குல்லாயும் அணிந்து வீட்டுக்குள் இருக்கும் நமக்குக் குறைபாடு வரலாம். மேய்ச்சலில் நிற்கும் மாட்டின் நிலை வேறு. அதைவிட முக்கியமானது, பால் காய்ச்சலில் படுத்த மாடுகளின் இரத்தத்தில் செயல்படும் வைட்டமின் டி பெரும்பாலும் குறைவாக இருப்பதில்லை, உயர்ந்தே இருக்கிறது. சுரப்பி கூப்பிட்டுவிட்டது, சிறுநீரகமும் கேட்டுவிட்டது. குடலும் எலும்பும்தான் இன்னும் வந்து சேரவில்லை.

பதில்: குன்னூர் கால்நடை மருத்துவர் (பணி ஓய்வு)

மன்னவனூர் நண்பருக்கு: சுண்ணாம்புத் தெளிநீரில் கரைந்திருக்கும் கால்சியம் மிகச் சிறிது, அதனால் பெரிய கேடும் இல்லை, பெரிய பயனும் இல்லை. வைத்த மாடுகள் எல்லாம் படுக்கவில்லை என்பது உண்மைதான். எதையும் வைக்காத மாடுகளிலும் பெரும்பாலானவை படுப்பதில்லை. முதல் ஈத்துக் கிடாரிகளுக்கு இது வருவது அரிது, ஏனென்றால் வளரும் எலும்பில் கால்சியம் எப்போதும் போய்வந்துகொண்டிருக்கும். மூன்றாம் ஈத்துக்கு மேல்தான் ஆபத்து. பால் குறைந்த நாட்டு மாட்டுக்கு அரிது, ஜெர்சிக்கு மிகுதி. சமவெளி உறவினர்களின் மாடுகள் எந்த இனம், எத்தனை லிட்டர் கறக்கின்றன என்பதைப் பார்த்துவிட்டுத்தான் ஊரோடு ஊரை ஒப்பிட வேண்டும்.

ஆயினும் மலைக்கென்று ஒரு காரணம் உண்டு என்று நானும் கருதுகிறேன். அதை வெயிலில் அல்ல, தீவனத்தில் தேடுவேன். நம் மலைகளில் பரவிக் கிடக்கும் கிக்குயு புல்லில் பொட்டாசியம் மிகுதி. சாணக் கரைசலும் பொட்டாஷ் உரமும் பாய்ந்த வரப்பில் அறுத்த புல்லில் அது இன்னும் மிகும். பொட்டாசியம் மிகுந்த தீவனம் மாட்டின் இரத்தத்தைக் காரப் பக்கம் தள்ளுகிறது. காரநிலையில், எலும்பிலும் சிறுநீரகத்திலும் பாராதைராய்டு ஹார்மோன் வந்து சேரும் ஏற்பிகள் சரியாக மறுமொழி தருவதில்லை. சுரப்பி கத்திக்கொண்டிருந்தாலும் கேட்கும் காது மந்தமாகிவிடுகிறது. போதாததற்கு, மிகுந்த பொட்டாசியம் முதல் இரைப்பையில் மெக்னீசியம் உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் ஹார்மோன் சுரப்பதும் குறையும், அது வேலை செய்வதும் குறையும். எத்தனை பாட்டில் கால்சியம் ஏற்றினாலும் நிமிராத மாட்டில் இதையும் சந்தேகிக்க வேண்டும்.

கேத்தி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அறுவடையில் கழிக்கும் பீட்ரூட் தழையை மாட்டுக்குப் போடுகிறீர்களா?

கேத்திக்காரி

ஆமாம் ஐயா. பீட்ரூட் தழையும் கேரட் தழையும் அந்த நேரத்தில் கூடை கூடையாகக் கிடைத்ததால் அவற்றைத்தான் மிகுதியாகப் போட்டோம். இன்னும் ஒரு சந்தேகம். என் அக்காவுக்குத் தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கால்சியம் குறைந்தபோது விரல்கள் விறைத்து இழுத்துக்கொண்டன. மாடோ துவண்டு விழுந்தது. குறைந்தது ஒரே பொருள் என்றால், விளைவு ஏன் இப்படி எதிரெதிராக இருக்கிறது? அடுத்த ஈத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: உதகை உயிரியல் ஆசிரியை

அறுவையின்போது தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அதிர்ச்சிக்கு உள்ளாவதுண்டு. உங்கள் அக்காவுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். கால்சியத்துக்கு நரம்பில் இரண்டு வேலைகள் உள்ளன. நரம்பணுவின் வெளிப்புறத்தில் இருந்துகொண்டு, சோடியம் உள்ளே நுழைந்து நரம்பைத் தூண்டும் வாயில்கள் எளிதில் திறந்துவிடாமல் காக்கிறது. அது குறைந்தால் நரம்பு தானாகவே துடித்து, தசையை இழுக்கிறது. இன்னொரு பக்கம், நரம்பின் முனையில் உள்ளே நுழைந்து, தசைக்குச் செய்தி சொல்லும் அசிட்டைல்கோலினை வெளிவிடச் செய்வதும் அதுவே. அது குறைந்தால் செய்தி தசையைச் சென்றடையாது. மனிதரில் முதல் விளைவு மேலோங்குகிறது, மாட்டில் இரண்டாவது. நீங்கள் விடியற்காலையில் பார்த்த அந்த விலாத் துடிப்பு, இரண்டாவது மேலோங்குவதற்கு முன் முதலாவது சிறிது நேரம் தலைகாட்டியதுதான்.

பதில்: குன்னூர் கால்நடை மருத்துவர் (பணி ஓய்வு)

அம்மா, பீட்ரூட் தழையில் பொட்டாசியமும் உண்டு, ஆக்சலேட்டும் உண்டு. ஆக்சலேட் குடலில் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சாணத்தோடு போய்விடும். கறவை நிலைப்பட்ட பிறகு அளவாகப் போடலாம். ஈனுவதற்கு முந்தைய மூன்று வாரங்களிலும் பிந்தைய சில நாட்களிலும் வேண்டாம். அந்த மூன்று வாரங்களில் கால்சியம் டானிக்கையும் நிறுத்திவிடுங்கள். உரம் மிகுதியாகப் பாயாத இடத்துப் புல்லையும், கிடைத்தால் மக்காச்சோளத் தட்டையையும் கொடுங்கள். மெக்னீசியம் கொடுப்பதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

அம்மோனியம் குளோரைடு போன்ற உப்புகளைத் தீவனத்தில் சேர்த்து இரத்தத்தைச் சற்றே அமிலப் பக்கம் திருப்பும் முறையும் உண்டு. புல் தின்னும் மாட்டின் சிறுநீர் வழக்கமாக 8-க்கு மேல் பி.எச். காட்டும், இந்த உப்பு வேலை செய்தால் அது 6 முதல் 7-க்குள் இறங்கும், ஜெர்சியில் 6-ஐ ஒட்டியே நிற்க வேண்டும். பி.எச். அளவைக் காட்டும் சோதனைத் தாளாலேயே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இந்த உப்பின் கசப்பால் மாடு தீவனத்தை ஒதுக்கிவிட்டால் வேறு தொல்லைகள் வரும் என்பதால், மருத்துவர் அளவு சொல்லாமல் நீங்களாகத் தொடங்க வேண்டாம். ஈனுவதற்குச் சில நாட்கள் முன்பு வைட்டமின் டி ஊசி போடுவதும் வழக்கில் உள்ளது. நாள் தவறினால் பயன் இல்லை, அளவு மிஞ்சினால் இரத்தக் குழாய்களில் சுண்ணம் படியும்.

கால்சியம் கொடுக்க வேண்டிய நாள், ஈன்ற நாள்தான். ஈன்றவுடன் ஒரு முறையும், ஏறத்தாழப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து மறுமுறையும், வாய்வழிக் கால்சியத்தைக் கொடுங்கள். ஒருமுறை படுத்த மாடு அடுத்த ஈத்திலும் படுக்க வாய்ப்பு மிகுதி என்பதால் உங்கள் மாட்டுக்கு இது கட்டாயம் என்றே சொல்வேன். மாடு நின்றுகொண்டு, நன்றாக விழுங்கும் நிலையில் இருக்கும்போது மட்டுமே ஊற்ற வேண்டும். படுத்துவிட்ட மாட்டுக்குத் தொண்டைத் தசையும் தளர்ந்திருக்கும். அதன் வாயில் எதை ஊற்றினாலும் நுரையீரலுக்குள் போய்விடும். அப்படிப் படுத்துவிட்டால், மருத்துவர் வரும்வரை மாட்டை ஒருக்களித்துச் சாய்ந்துவிடாமல் நெஞ்சின் மீது நிமிர்ந்து இருக்கும்படி வைக்கோல் மூட்டைகளை இரு பக்கமும் முட்டுக்கொடுத்து வையுங்கள்; இல்லையென்றால் வயிறு உப்பி மூச்சு முட்டும்.